கடைப் பெயரில் கம்ப்யூட்டர் வாங்கினால் செலவைக் கழித்துக்கொள்ள முடியுமா? கடலூரில் இருந்து புதுச்சேரிக்குப் போய் வாங்கினால் மிச்சமா?

கடலூரில் டிடிபி கடை வைத்திருப்பதாகவும், கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி அதை 'க்ளெய்ம்' செய்ய நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் மஞ்சக்குப்பத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். இதே விஷயத்தில் எனக்குக் கைப்பணம் போயிருக்கிறது. உங்களுக்கும் போய்விடக் கூடாது என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

க்ளெய்ம் என்றதும் கொடுத்த பணம் அப்படியே திரும்பி வரும் என்று நினைக்க வேண்டாம். இதில் இரண்டு தனித்தனிக் கணக்கு இருக்கிறது. ஒன்று, பில்லில் கட்டிய ஜிஎஸ்டியை நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது. இதைத்தான் நாம் 'இன்புட் எடுப்பது' என்கிறோம். மற்றொன்று, கம்ப்யூட்டரின் விலையை வருமான வரிக் கணக்கில் வருடா வருடம் தேய்மானமாக, அதாவது பொருள் பழசாகி மதிப்புக் குறைவதாகக் காட்டி, லாபத்தில் கழிப்பது. ஒன்று கிடைத்தால் மற்றதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். டிசைன் வேலைக்கு ஒரு கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. விலை 55,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 9,900, மொத்தம் 64,900 ரூபாய். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் சில பொருள்களுக்குப் புதுச்சேரியில் வரி குறைவு. எது வாங்கினாலும் எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டிப் போய் வாங்கி வருவது நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கம். அதே பழக்கத்தில் நானும் பஸ் ஏறிவிட்டேன். ஜிஎஸ்டி வந்த பிறகு கம்ப்யூட்டருக்கு அங்கேயும் அதே 18தான் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அங்கே போனால் நாலு கடை பார்த்து வாங்கலாமே என்று ஓர் எண்ணம்.

கடையில் என் ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டு வாங்கி பில்லிலும் போட்டார்கள். கையில் இருந்த 24,900 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தேன், மீதி 40,000 ஜிபே. பெட்டியைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாதக் கணக்குக்குப் பில்லை எடுத்துப் போனபோது எங்கள் ஆடிட்டர் பென்சிலால் இரண்டு இடத்தில் வட்டம் போட்டார். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் காட்டும். கடையின் எண் 34 (புதுச்சேரி) என்று தொடங்கியது, என் எண் 33 (தமிழ்நாடு). அதற்குக் கீழே சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 9 சதவீதம், எஸ்ஜிஎஸ்டி (அந்த மாநிலத்தின் பங்கு) 9 சதவீதம் என்று இருந்தது. "இது புதுச்சேரிக்குப் போன வரிங்க. தமிழ்நாட்டு நம்பர்ல இன்புட் எடுக்க முடியாது" என்றார். சிஜிஎஸ்டி மத்திய அரசுக்குப் போவதுதானே, அந்தப் பாதியாவது கிடைக்காதா என்று கேட்டுப் பார்த்தேன். அதுவும் கிடையாதாம். 9,900 ரூபாய் போனது போனதுதான். கடலூரில் நம் கடை முகவரிக்கே டெலிவரி கொடுக்கச் சொல்லி, ஐஜிஎஸ்டி (ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு விற்கும்போது போடும் வரி) 18 சதவீதம் என்று ஒரே வரியாகப் பில் போடச் சொல்லியிருந்தால் அந்தப் பணம் முழுக்க எனக்கு இன்புட்டாக வந்திருக்கும்.

அடுத்த அடி ரொக்கத்தில் விழுந்தது. கடைக்குச் சொத்தாக வாங்கும் பொருளுக்கு ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தத் தொகையை வருமான வரியில் பொருளின் விலையாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆக, 64,900 கொடுத்தும் எனக்குத் தேய்மானக் கணக்கில் நின்றது 40,000தான். கார்டு, யுபிஐ, பேங்க் டிரான்ஸ்ஃபர், கிராஸ் செய்த அக்கவுண்ட் பேயி செக், இவற்றில் எதில் வேண்டுமானாலும் கொடுங்கள். ரொக்கம் மட்டும் வேண்டாம்.

ஒழுங்காக வாங்கினால் எவ்வளவு கிடைக்கும் என்று பார்ப்போம். கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் வருடத்துக்கு 40 சதவீதம். 2017 வரை 60 ஆக இருந்தது, அப்புறம் குறைத்துவிட்டார்கள். இன்புட் எடுத்தது போக விலை 55,000 என்றால் முதல் வருடம் 22,000, அடுத்த வருடம் மீதி 33,000-இல் 13,200 என்று குறைந்துகொண்டே போகும். இந்த 22,000 லாபத்தில் கழியும் தொகை. உங்களுக்கு 20 சதவீத வரி என்றால் கையில் மிஞ்சுவது 4,400 சொச்சம். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் முதல் வருடம் பாதித் தேய்மானம்தான். அதனால் தீபாவளி ஆஃபருக்காகக் காத்திருப்பதா, செப்டம்பரிலேயே வாங்குவதா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்புட் எடுத்த வரித் தொகையைத் தேய்மானத்திலும் சேர்த்துக் காட்டக் கூடாது.

இங்கே முக்கியமான ஒன்று. விற்றுமுதலில் 8 சதவீதம், பேங்க் வழியாக வந்ததற்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டி நீங்கள் ரிட்டர்ன் போடுபவராக இருந்தால், தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க வழியில்லை. எல்லாச் செலவும் அதற்குள் அடங்கிவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். நம்மைப் போன்ற சிறிய கடைக்காரர்கள் பலர் இப்படித்தான் ரிட்டர்ன் போடுகிறோம், ஆனால் இது தெரியாமல் 'வரி மிச்சம்' என்று மார்ச் மாதம் ஓடிப் போய் வாங்குகிறார்கள். ஜிஎஸ்டி இன்புட் மட்டும் அவர்களுக்கும் உண்டு. காம்போசிஷனில், அதாவது விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் ஜிஎஸ்டியாகக் கட்டும் திட்டத்தில் இருந்தால் அதுவும் இல்லை.

ஜிஎஸ்டி பதிவே இல்லை என்றால் இன்புட் பேச்சுக்கே இடமில்லை. பொருள் மட்டும் விற்பவருக்குப் பதிவு வரம்பு, வருட விற்றுமுதலில், தமிழ்நாட்டில் 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். வேலை செய்து கொடுத்துக் கூலி வாங்குபவருக்கு இரண்டு இடத்திலும் 20 லட்சம்தான். டிடிபி கடை என்பதால் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயம். நீங்கள் தனி உரிமையாளர் என்றால் பில் உங்கள் பெயரில் இருந்தாலும் தேய்மானம் எடுக்கலாம். இன்புட்டுக்குத்தான் ஜிஎஸ்டி எண் பில்லில் இருந்தே ஆக வேண்டும். பார்ட்னர்ஷிப் என்றால் ஃபர்ம் பெயரிலேயே வாங்குங்கள். வீட்டில் பிள்ளைகளும் அதில்தான் படிப்பார்கள் என்றால் கடைக்குப் பயன்படும் பங்கை மட்டும் காட்டுங்கள். இஎம்ஐயில் வாங்கினாலும் முழு விலைக்கும் தேய்மானம் உண்டு, வட்டியைச் செலவாக எழுதிக்கொள்ளலாம்.

வாங்கியதோடு விட்டுவிடாதீர்கள். கடைக்காரர் தன் ரிட்டர்னில் உங்கள் பில்லைக் காட்டினால்தான் உங்களுக்கு இன்புட் வரும். மாதாமாதம் ரிட்டர்ன் போடும் கடை என்றால் அடுத்த மாதம் 14ஆம் தேதிக்கு மேல் ஜிஎஸ்டி தளத்தில் 2பி-யை, அதாவது உங்களுக்குக் கிடைக்கும் இன்புட்டைப் பில் வாரியாகக் காட்டும் பட்டியலை, திறந்து பாருங்கள். உங்கள் பில் அதில் இல்லை என்றால் அன்றைக்கே கடைக்குப் போன் போடுங்கள். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான் அந்த வருடத்து இன்புட்டை எடுக்க முடியும்.