சென்னைக்குச் சிகிச்சைக்கு வருமுன்: கேள்வி-பதில்

அம்மாவுக்கு வலது முழங்கால் மூட்டு மாற்ற வேண்டும். சென்னையில் எல்லாம் இலவசமாக ஏற்பாடு செய்வதாக ஓர் இணையச் சேவை சொல்கிறது. நம்பலாமா? – வாசகி, யாழ்ப்பாணம்

இப்படிப்பட்ட சேவைகள் உங்களிடம் காசு வாங்காவிட்டால் மருத்துவமனையிடம் வாங்குவார்கள். கமிஷன் அவர்கள் பிழைப்பு, அது குற்றமில்லை. அதை மறைத்துவிட்டு, அதிகம் தரும் மருத்துவமனையையே ‘உங்களுக்கு ஏற்றது’ என்று தள்ளிவிடுவதுதான் மோசம். எந்தெந்த மருத்துவமனைகளோடு ஒப்பந்தம், பில்லில் அவர்கள் பங்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

பெரிய மருத்துவமனைகளில் வெளிநாட்டு நோயாளிகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. நின்றபடி எடுத்த முழங்கால் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை முடிவுகள், சர்க்கரை இருந்தால் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), தினமும் போடும் மாத்திரைகளின் பட்டியல் எல்லாவற்றையும் நேராக அங்கே அனுப்பிச் செலவு மதிப்பீடு வாங்குங்கள். சேவை தந்த மதிப்பீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்தப் ‘பேக்கேஜ்’ கணக்கைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கொட்டை எழுத்தில் ஒரு தொகை, அடியில் பொடி எழுத்தில் ‘நிபந்தனைக்குட்பட்டது’. நான் வாங்கி நொந்த சுற்றுலாப் பேக்கேஜிலும் இதே வரிதான். அங்கே போனது சில வேளைச் சாப்பாடு, இங்கே லட்சங்கள் போகும். பேக்கேஜ் என்பது குறிப்பிட்ட நாட்களுக்குத்தான். காய்ச்சல் வந்து இரண்டு நாள் கூடுதலாக இருந்தால் அறை, மருந்து, டாக்டர் பார்வை எல்லாம் தனி பில். அறையை ஒரு படி உயர்த்தினால் வாடகை மட்டுமல்ல, சர்ஜன் கட்டணமும் ஆபரேஷன் தியேட்டர் கட்டணமும் சேர்ந்து ஏறுவது பல இடங்களில் வழக்கம். ஐசியூ நாளுக்கு எவ்வளவு, ரத்தமும் பிசியோதெரபியும் அடக்கமா, இம்பிளான்ட் (உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டு) எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்பதெல்லாம் மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும். முழங்கால் இம்பிளான்ட்டுக்கு 2017 ஆகஸ்டிலேயே இந்திய அரசு உச்சவரம்பு விலை வைத்துவிட்டது. அதனால் அதன் விலையைப் பில்லில் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். இம்பிளான்ட் பெட்டியில் வரும் ஸ்டிக்கரில் மாடல், அளவு, லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) இருக்கும். அதைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். டிஸ்சார்ஜ் அன்று அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்பணத்தைச் சேவையின் ஒருங்கிணைப்பாளருடைய சொந்தக் கணக்கில் போடச் சொல்கிறார்கள். – வாசகர், கிள்ளான்

போடாதீர்கள். மருத்துவமனை பெயரிலுள்ள கணக்குக்கு மட்டும், ரசீதோடு.

அண்ணனுக்குச் சிறுநீரகம் மாற்ற வேண்டும். கொடையாளரையும் தாங்களே ‘பார்த்துத் தருவதாக’ ஏஜென்ட் சொல்கிறார். – வாசகர், மட்டக்களப்பு

அந்த எண்ணை இப்போதே பிளாக் செய்யுங்கள். காசு கொடுத்து உறுப்பு வாங்குவது இந்தியாவின் 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி குற்றம். 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். விற்றவர், வாங்கியவர், தரகர் மூவரும் மாட்டுவார்கள். நெருங்கிய உறவினராக இல்லாத இந்தியர் வெளிநாட்டவருக்குச் சிறுநீரகம் கொடுக்க அனுமதி கிடைக்காது. குடும்பத்தில் ஒருவர் கொடுப்பதென்றாலும் உறவைத் தூதரகம் சான்றளிக்க வேண்டும், அனுமதிக் குழுவும் ஒப்ப வேண்டும். அதற்கு நாளாகும் என்று எண்ணித் திட்டமிடுங்கள்.

டூரிஸ்ட் விசாவே போதும் என்று ஏஜென்சி சொன்னது. டிக்கெட்டும் போட்டுவிட்டேன். – வாசகர், கொழும்பு

கேட்டுவிட்டல்லவா டிக்கெட் போட வேண்டும்? திட்டமிட்ட அறுவைக்கு இ-மெடிக்கல் விசாதான் முறை. 60 நாள், மூன்று முறை நுழையலாம், துணைக்கு வருபவர்களில் இருவர் வரை தனி விசா உண்டு. மருத்துவமனை லெட்டர்ஹெட்டில் கடிதம் வேண்டும். அரசுத் தளத்தின் முகவரி ‘ஜிஓவி.இன்’ என்று முடியும். அதே தோற்றத்தில் தனியார் தளங்கள் கூடுதல் காசு பிடுங்குகின்றன.

தளத்தில் 5 நட்சத்திர விமர்சனங்கள் நிறைய இருக்கின்றன. – வாசகி, சிங்கப்பூர்

அதை விடுங்கள். மருத்துவமனைகளின் தரத்தைச் சோதித்து அங்கீகாரம் தரும் என்ஏபிஹெச் (இந்திய அமைப்பு), ஜேசிஐ (சர்வதேச அமைப்பு) தளங்களில் மருத்துவமனைப் பெயரைத் தேடுங்கள். அங்கீகாரம் கிளைக்குக் கிளை தனி. நீங்கள் போகும் கிளையே பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். சர்ஜனின் பதிவு எண்ணை மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் சரிபாருங்கள்.

பேக்கேஜ் என்று அழைத்துப் போய், டிஸ்சார்ஜ் நாளில் இன்னும் பாதித் தொகை கட்டினால்தான் விடுவோம் என்றார்கள். கட்டிவிட்டு வந்தோம். – வாசகர், வவுனியா

படுத்திருப்பவரை வைத்துக்கொண்டு யார்தான் வாதாட முடியும்? உங்கள் மேல் தவறில்லை. விவரமான பில், முதல் மதிப்பீடு, வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் எடுத்துவையுங்கள். மருத்துவமனைக்கும் சேவைக்கும் தனித்தனியே மின்னஞ்சலில் புகார் அனுப்புங்கள். அவர்கள் அலுவலகம் சென்னையில் என்றால் அங்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 2 ஆண்டு கெடு இருக்கிறது. கார்டில் கட்டியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்டு உங்கள் வங்கியிடம் இன்றைக்கே எழுதுங்கள், அங்கே கெடு இன்னும் குறைவு.