தொப்பியை எங்கே பிடித்துத் தூக்குவது?

கேள்வி: அண்ணன் வெளிநாட்டிலிருந்து ஒரு பனாமா தொப்பி வாங்கி வந்தார். சுருட்டி நீளப் பெட்டிக்குள் வைத்திருந்தது, நானும் ஒரு வருடம் அப்படியே வைத்துவிட்டேன். இப்போது எடுத்தால் உச்சியில் முன்பக்கம் விரிசல். போலிச் சரக்கா?

பதில்: போலி இல்லை, காய்ந்துவிட்டது, அவ்வளவுதான். பெயர்தான் பனாமா, பிறந்த இடம் தென் அமெரிக்காவில் இருக்கும் ஈக்வடார் நாடு. அங்கிருந்து பனாமா வழியாக விற்பனைக்குப் போனதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1906-இல் பனாமா கால்வாய் வேலையைப் பார்க்கப் போன அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இதைப் போட்டபடி படத்தில் விழுந்ததும் பெயர் நிலைத்துவிட்டது. டொக்கீயா என்ற செடியின் குருத்தை, ஓலை விரியும் முன்பே வெட்டி, மெல்லிய கீற்றுகளாகக் கிழித்து, வேகவைத்து உலர்த்துவார்கள். செடி பார்க்கப் பனை மாதிரி இருக்கும், ஆனால் பனை இனம் இல்லை. மோன்டெக்ரிஸ்டி ஊரில் மிக நுணுக்கமான தொப்பியை விடியற்காலையிலும் மாலையிலும்தான் பின்னுகிறார்கள், ஏனென்றால் உச்சிவெயிலில் நார் ஈரம் இழந்து ஒடியும். ஒரே ஒரு தொப்பிக்குச் சில மாதங்கள்கூட ஆகும். 2012-இல் யுனெஸ்கோ இந்த நெசவைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பின்னும்போதே ஈரம் கேட்கிற நார், ஒரு வருடம் சுருண்டு கிடந்தால் என்ன ஆகும்? விமானத்தில் கொண்டுவர ஒரு நாள் சுருட்டலாம், வீட்டுக்கு வந்ததும் விரித்துவிட வேண்டும். அப்புறம், முன்பக்கம் கிள்ளினாற்போல இருக்கிற பள்ளத்தில் இரண்டு விரலை வைத்துத் தூக்குகிறோம் பாருங்கள், முக்கால்வாசி பனாமா தொப்பிகள் அங்கேதான் விரிகின்றன. விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்குங்கள். இப்போதைக்குக் கொதிக்கிற கெட்டிலின் ஆவியில் ஒரு சாண் தள்ளி அரை நிமிடம் காட்டினால் நார் வெற்றிலை மாதிரி துவளும். விரிசலை மெதுவாகச் சேர்த்து, உள்பக்கம் மெல்லிய துணித் துண்டை வெள்ளைப் பசையால் ஒட்டிவிடுங்கள். முன்பு மாதிரி ஆகாது, ஆனால் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: என் தலைக்கு என்ன அளவு? ஆன்லைனில் 57 என்கிறார்கள், 7⅛ என்கிறார்கள்.

பதில்: இரண்டும் ஒன்றுதான். புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்கும் மேலே டேப்பைச் சுற்றினால் வருவது 57 செ.மீ. அந்தச் சுற்றளவை விட்டமாக்கி அங்குலத்தில் சொன்னால் 7⅛. இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதை வாங்குங்கள், உள்பட்டைக்கு, அதாவது தொப்பிக்குள் நெற்றியைச் சுற்றி வரும் பட்டைக்கு, பின்னால் கொஞ்சம் நுரைப்பட்டை சொருகிக்கொள்ளலாம்.

கேள்வி: தாத்தாவின் ஃபெல்ட் தொப்பி மழையில் நனைந்துவிட்டது. ஹேர் டிரையரில் காயவைக்கலாமா? பழைய தொப்பியில் பாதரசம் இருக்கும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.

பதில்: டிரையர் வேண்டவே வேண்டாம். ஃபெல்ட் நெய்த துணி இல்லை. முயல், பீவர் மாதிரி விலங்குகளின் அடிமயிரில் மிக நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் அழுத்தமும் கொடுக்கக் கொடுக்க அவை ஒன்றோடொன்று கோத்து இறுகும். பெரிய கூம்பாகத் தொடங்குவதை இப்படிச் சுருக்கிச் சுருக்கித்தான் மர அச்சில் ஏற்றுகிறார்கள். நீங்கள் சூடு காட்டினால் அதே வேலை மறுபடி ஆரம்பித்துவிடும், தோல் உள்பட்டையும் சுருங்கித் தொப்பி தலையில் ஏறாது. தண்ணீரை உதறிவிட்டு, உள்பட்டையை வெளியே மடித்து, அதன்மேல் தொப்பியை நிற்கவைத்து நிழலில் விடுங்கள். ஒரு நாளுக்கு மேல் ஆனாலும் காத்திருங்கள்.

பாதரசம் விஷயத்தில் அவர் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். மயிர் நன்றாகக் கோக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் பாதரச நைட்ரேட் கரைசலைப் பூசினார்கள். அந்த ஆவியை வருடக்கணக்கில் சுவாசித்த தொழிலாளிகளுக்குக் கை நடுங்கும், பேச்சு குழறும், மனநிலை மாறும். அமெரிக்காவில் தொப்பித் தொழிலுக்குப் பேர்போன டான்பரி நகரத்தில் அதற்கு ‘டான்பரி நடுக்கம்’ என்றே பெயர். எத்தனை கைகள் நடுங்கின என்று நினைத்தால் இன்றும் மனசு ஆறாது. அங்கே 1941-இல்தான் இதை நிறுத்தினார்கள். அதனால் தாத்தா தொப்பி அதற்கு முந்தைய காலத்தது என்றால் ஆவி காட்டாதீர்கள், தேய்த்துத் துலக்காதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். காய்ந்ததும் மூடிய பெட்டியில் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: வெள்ளைக்காரர் காலத்து ‘சோலார்’ தொப்பி ஒன்று கிடைத்திருக்கிறது. சூரியனுக்காக வந்த பெயர்தானே?

பதில்: இல்லை. அது ‘சோலா’. வங்கத்தில் அந்தச் செடிக்கு அப்படிப் பெயர், நமக்கு அது நெட்டி. தஞ்சாவூரில் பெரிய கோயிலை வெள்ளை வெளேரென்று செதுக்கி கண்ணாடிப் பெட்டியில் விற்பார்களே, அதே குளத்துச் செடியின் தண்டுதான். அதைத் தாளாகச் சீவி, அச்சின்மேல் அடுக்கடுக்காக ஒட்டி, மேலே துணி போர்த்துவார்கள். தூக்கிப் பாருங்கள், எடையே தெரியாது. உள்பட்டைக்கும் கூட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும், காற்று அதில் நுழைந்து உச்சித் துளை வழியாக வெளியேறும். ஈரத்துணி மட்டும் படக்கூடாது, நெட்டி ஊறினால் வடிவம் போய்விடும்.

கேள்வி: கிரிக்கெட் கேப்பை வாஷிங் மெஷினில் போடலாமா?

பதில்: முன்நெற்றியில் விறைப்புக்காக வைத்திருக்கும் பக்ரம் துணி கசங்கும், பழைய கேப் என்றால் விளிம்புக்குள் அட்டை இருக்கும், அது கூழாகிவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், பழைய பல் பிரஷ், போதும்.

கேள்வி: அம்மா தினமும் தோட்டத்தில் நிற்கிறார். எந்தத் தொப்பி வாங்கித் தரலாம்?

பதில்: விளிம்பு சுற்றிலும் ஏழெட்டு செ.மீ. இருக்க வேண்டும், கேப் வேண்டாம், காதும் பிடரியும் வெந்துவிடும். கடையிலேயே தொப்பியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். பொட்டுப் பொட்டாக ஒளி வந்தால் வெயிலும் அப்படியே வரும். நெருக்கமாகப் பின்னிய பனையோலைத் தொப்பி நல்லது. எனக்குப் பிடித்தது வியட்நாமின் கூம்புத் தொப்பி. மூங்கில் வளையங்கள், வழக்கமாகப் பதினாறு, அவற்றின்மேல் சூடான இரும்பால் தேய்த்துத் தட்டையாக்கிய ஓலையை வைத்துத் தைத்திருப்பார்கள். தலையை ஒட்டாமல் நிற்பதால் வேர்வை தங்காது. ஹுயே நகரத்தில் இரண்டு ஓலை அடுக்குக்கு நடுவே கவிதை வரியை வெட்டி வைப்பார்கள், வெயிலில் தூக்கினால்தான் எழுத்து தெரியும். எதை வாங்கினாலும் தாடைக்கயிறு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், குனிந்து களை பறிக்கும்போது ஒவ்வொரு தடவையும் தொப்பியைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது.