தேன்கனிக்கோட்டைக் குளிரில் தயிர் தோயவில்லையா?

கேள்வி: பாலக்கோட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். கல்யாணமாகித் தேன்கனிக்கோட்டைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அம்மா வீட்டில் ராத்திரி உறை ஊற்றினால் காலையில் வெட்டி எடுக்கிற மாதிரி தயிர் இருக்கும். இங்கே அப்படியே செய்தும் தண்ணியாக நிற்கிறது, சில நாள் கரண்டியில் எடுத்தால் நூல் விடுகிறது. பக்கத்து வீட்டில் தினமும் ஒன்றரை லிட்டர் பசும்பால் வாங்குகிறோம். அதிலேயே தயிரும் பனீரும், நாத்தனார் பிள்ளைகள் கேட்கிற ரொட்டியில் தடவும் சீஸும் செலவில்லாமல் செய்ய முடியுமா?

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறை ஒன்றும் இல்லை. ராயக்கோட்டை, கெலமங்கலம் தாண்டி பஸ் மேலே ஏறும்போது ஜன்னலைச் சாத்தியிருப்பீர்கள் அல்லவா, விஷயம் அவ்வளவுதான். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்கள் 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். பாலக்கோட்டில் சமையலறை வெக்கையே பாதி வேலையைப் பார்த்துவிடும். இங்கே மார்கழி ராத்திரியில் ஊற்றிய ஒரு மணி நேரத்துக்குள் பால் ஆறிப்போகிறது. உறையில் இருப்பவை சோம்பிக் கிடக்க, குளிரைத் தாங்கும் வேறு சில கிருமிகள் புகுந்து விளையாடுகின்றன. அந்த நூல் விடும் கொழகொழப்பு பெரும்பாலும் அப்படி வருவதுதான். நூல் விட்ட தயிரிலிருந்து மறுநாளுக்கு உறை எடுக்காதீர்கள். எடுத்தால் வாரம் முழுக்க அதே கதைதான்.

முதலில் பால் காய்ச்சுவதைப் பார்ப்போம். பொங்கியதும் அடுப்பை அணைத்துவிடுகிறோம். டீக்கு அது போதும், தயிருக்குப் போதாது. பொங்கிய பிறகு தீயைத் தணித்து, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே பத்து நிமிடம் வையுங்கள். சாதாரணமாகத் தண்ணீரோடு பிரிந்து போகும் ஒரு வகைப் புரதம், 85 டிகிரிக்கு மேல் சிறிது நேரம் சூடு பட்டால் கேசின் என்கிற முக்கியப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். தயிர் கெட்டிப்படுவது இதனால்தான். பால் பவுடரும் வேண்டாம், கார்ன் மாவும் வேண்டாம். செலவு, பத்து நிமிட கேஸ்.

அப்புறம் ஆற விடுங்கள். தெர்மாமீட்டர் வாங்க வேண்டியதில்லை. சுண்டுவிரலைச் சுத்தமாகக் கழுவிப் பாலில் விட்டு, சுரீர் என்று இழுக்காமல் பத்து வரை எண்ண முடிந்தால் சூடு சரி. ஐந்திலேயே இழுத்துவிட்டால் இன்னும் பொறுங்கள். சூட்டோடு ஊற்றினால் உறை செத்துப்போகும். பத்து எண்ணியும் சூடே தெரியவில்லை என்றால் லேசாகச் சூடு காட்டுங்கள். அரை லிட்டருக்கு பாலக்கோட்டுக் கோடையில் அரை டீஸ்பூன் உறை போதும். உங்கள் ஊர்க் குளிருக்கு இரண்டு டீஸ்பூன் வரை போகலாம். உறையை ஒரு கரண்டி பாலில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு ஊற்றுங்கள். தோயவில்லையே என்று உறையைக் கூட்டிக்கொண்டே போவது நான் அதிகம் பார்க்கிற தவறு. புளிப்பும் தண்ணீரும் விடுமே தவிர கெட்டியாகாது.

இனி அந்தச் சூட்டை ஆறு மணி நேரம் தக்கவைக்க வேண்டும். வீட்டில் ஹாட் பாக்ஸ் இருந்தால் அதிலேயே ஊற்றி மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் குக்கரில் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் விட்டு, நீரைக் கொட்டிவிட்டு, தயிர்ப் பாத்திரத்தை உள்ளே வைத்து மூடி, பழைய கம்பளியைச் சுற்றுங்கள். நீரைக் கொட்டாமல் வைத்து நானே ஒரு முறை பாத்திரத்தின் அடியை வேகவைத்திருக்கிறேன். மேலே தயிர், கீழே திரிந்த பால். அரிசி டின்னுக்குள் பாத்திரத்தைப் புதைத்து வைப்பார்களே, அதுவும் அருமையான வழிதான். தோய்ந்ததும் உடனே ஃபிரிட்ஜுக்கு மாற்றினால் புளிப்பு அங்கேயே நின்றுவிடும். இடையில் தூக்கி ஆட்டிப் பார்க்காதீர்கள். மண்சட்டி இருந்தால் நல்லது, அதிக நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் உங்கள் குளிரில் சட்டியை வெந்நீரில் சூடாக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

இத்தனையும் செய்தும் ஒருநாள் பால் அப்படியே நிற்கிறதென்றால் பக்கத்து வீட்டில் ஒன்று கேளுங்கள்: மாட்டுக்கு ஊசி போட்டார்களா? மடிவீக்கத்துக்குப் போடும் ஆன்டிபயாடிக் பாலில் இறங்கும். தயிர்க் கிருமிகளை அது அடக்கிவிடும், காய்ச்சினாலும் போகாது. பால் சேகரிப்பு மையத்தில் வேலை பார்த்தபோது, தயிர் தோயவில்லை என்ற புகாரை வைத்தே எந்த வீட்டு மாடு என்று தேடியிருக்கிறோம். அதே உறையைப் பாக்கெட் பாலில் ஊற்றிப் பாருங்கள். அது தோய்ந்து இது தோயாவிட்டால் சந்தேகப்படலாம். கால்நடை மருத்துவர் சொன்ன நாள் கணக்கு முடியும்வரை அந்தப் பாலை வாங்காதீர்கள்.

சரி, பனீருக்கு வருவோம். (பன்னீர் என்று எழுதினால் ரோஜாப்பூத் தண்ணீர் ஆகிவிடுகிறது. கடைப் பலகைகளில் அதுதான் இருக்கிறது, விடுங்கள்.) உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: தயிரில் எப்போதும் மிச்சம், பனீரில் எப்போதும் அப்படியில்லை. ஒரு லிட்டர் பசும்பாலில் 150 கிராம் வந்தால் நல்ல கணக்கு. எருமைப் பாலில் 200 கிராம் வரை வரும், கொழுப்பும் புரதமும் அதில் அதிகம். அதாவது கடையில் விற்கும் 200 கிராம் பாக்கெட்டுக்கு நிகராக நீங்கள் ஒன்றேகால் லிட்டருக்கு மேல் பால் போட வேண்டும். உங்கள் பால் விலையை வைத்து ஒரு தடவை கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

செய்வதானால் பாலைப் பொங்கவிட்டு, இறக்கி மூன்று நான்கு நிமிடம் பொறுத்திருங்கள். ஒரு எலுமிச்சம்பழச் சாற்றில் அதே அளவு வெதுவெதுப்பான நீர் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மெதுவாகக் கிளறுங்கள். இளம் பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிநீர் பிரிந்ததும் நிறுத்திவிடுங்கள், பழத்தில் மிச்சம் இருந்தாலும் சரி. தளதளவென்று கொதிக்கும்போதே பிழிவதும், தெளிந்த பிறகும் பிழிவதும்தான் பனீரை ரப்பராக்கும், அல்லது மணல் மாதிரி உதிர்க்கும். நீர் இன்னும் வெள்ளையாகவே இருந்தால் மட்டும் மறுபடி சூடு காட்டி ஒரு ஸ்பூன் சாறு விடலாம். பழைய வேட்டித் துண்டை வெந்நீரில் அலசி அதில் வடிகட்டுங்கள். சோப்பு வாசனை உள்ள துணி ஆகாது. குளிர்ந்த நீரில் ஒரு முறை அலசி, மூட்டையாகக் கட்டி, மேலே தண்ணீர்ச் செம்பை அரை மணி நேரம் வைத்தால் துண்டு போடும் பதம் வரும். கோடையில் எலுமிச்சை விலை ஏறும்போது, முந்தின நாள் தெளிநீரை ஒரு ராத்திரி புளிக்கவிட்டு அதையே ஊற்றலாம். புளிக் கரைசல் மட்டும் வேண்டாம், நிறமும் வாசனையும் கெட்டுவிடும்.

பிள்ளைகள் கேட்கிற சீஸுக்கு உங்களிடம் இருப்பது தயிர், அதுவே போதும். அரை லிட்டர் கெட்டித் தயிரைத் துணியில் கட்டி, வடிகட்டி மேல் வைத்து, கீழே ஒரு கிண்ணத்தோடு ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் 200 கிராமுக்குக் குறையாமல் வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று இருக்கும். ஒரு சிட்டிகை உப்பு, இடித்த மிளகு, ஒரு பல் பூண்டு, கொத்தமல்லித் தழை. ராகி ரொட்டி சூடாக இருக்கும்போது தடவிக் கொடுத்துப் பாருங்கள், கடை டப்பாவைக் கேட்கமாட்டார்கள். புளிப்பு பிடிக்காத பிள்ளைக்கு, பனீரைப் பாரம் வைக்காமல் இருபது நிமிடம் வடித்து, சூட்டோடு கொஞ்சம் ஆடையும் உப்பும் சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று விடுங்கள். தயிர்ச் சீஸ் ஃபிரிட்ஜில் நான்கு நாள் தாங்கும், பனீரை இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

ஒரு லிட்டரில் பனீர் போக முக்கால் லிட்டருக்குக் குறையாமல் நிற்கும் தெளிநீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள், போட்ட காசில் ஒரு பங்கு அதில் இருக்கிறது. சப்பாத்தி மாவு பிசையலாம், கூழ் கரைக்கலாம், ரசத்துக்குப் புளியைக் குறைத்து இதை ஊற்றலாம்.

கடைசியாக உறை. இருப்பதைக் கொட்டிவிட்டு, அடுத்த முறை பாலக்கோடு போகும்போது அம்மா வீட்டுத் தயிரில் ஒரு சின்ன டப்பா வாங்கி வாருங்கள். பஸ்ஸில் வரும்போது புளித்துவிடும், பரவாயில்லை. முதல் நாள் அதை வைத்துத் தோய்க்கும் தயிர் மோருக்கு ஆகட்டும். அதிலிருந்து எடுத்த உறையில் இரண்டாம் நாள் ஊற்றுங்கள்.