சுருள்பாசியில் 0.5 காட்டினால் நோயா?

கேள்வி: தார்ப்பாய்த் தொட்டியில் சுருள்பாசி (ஸ்பைருலினா) வளர்க்கிறேன். கல்லூரி மாணவர் ஒருவர் பச்சைய ஒளிர்வுக் கருவியில் அளந்துவிட்டு, "0.5 தான் வருகிறது, 0.8 இருந்தால்தான் ஆரோக்கியம்" என்கிறார். சில நாளாக, அறுவடையில் பாசியைத் துணியில் வடிகட்டும்போது வரும் வடிநீரும் லேசாக நீலமாக இருக்கிறது. தொட்டியைக் கழுவிவிட்டுப் புதிதாகத் தொடங்கவா ஐயா?

பதில்: கழுவ வேண்டாம். அந்த 0.5 பரவாயில்லை. வடிநீரின் நீலத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

பாசியோ இலையோ, வாங்கும் வெளிச்சம் முழுவதையும் உணவாக்குவதில்லை. மிஞ்சுவதில் பெரும்பகுதி வெப்பமாகப் போகும், கொஞ்சம் சிவப்பொளியாக வெளிவரும். அந்தச் சிவப்பைத்தான் கருவி அளக்கிறது. பலத்த வெளிச்சம் அடித்ததும் சிவப்பு அடிப்படை அளவிலிருந்து எவ்வளவு ஏறுகிறது என்பதை உச்ச அளவால் வகுத்தால் வரும் விகிதம்தான் அந்த எண். நல்ல நெல் இலையில் 0.8-க்கு மேல் வரும். மாணவர் சொன்ன கணக்கு அதுதான். ஆனால் சுருள்பாசி செடி இல்லை, சயனோபாக்டீரியா, அதாவது வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும் பாக்டீரியா. செடியைப் போலவே இதிலும் வெளிச்சத்தைப் பயன்படுத்த ஒளியமைப்புகள் என்ற இரண்டு புரதக் கூட்டங்கள் உண்டு. அதன் பச்சையத்தில் பெரும்பங்கு முதலாம் ஒளியமைப்பில் இருக்கிறது. கருவி தேடும் ஏற்ற இறக்கமோ இரண்டாம் ஒளியமைப்பிலிருந்து வருவது. போதாக்குறைக்கு, வெளிச்சத்தைப் பிடித்துத் தரும் பைகோசயனின் என்ற நீல நிறமியும் தன் பங்குக்கு ஒளிர்ந்து அடிப்படை அளவை ஏற்றிவிடும். விகிதம் குறைந்துதான் தெரியும். 0.4 முதல் 0.6 வரை இதற்குச் சாதாரணம். தினமும் ஒரே நேரத்தில், ஒரே முறையில் அளந்து, உங்கள் தொட்டியின் பழைய எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள். நாளுக்கு நாள் இறங்கினால் அப்புறம் யோசிக்கலாம்.

சரி, நீலத்துக்கு வருவோம். வடிநீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் வையுங்கள். டம்ளர் வழியே வெளிச்சத்தைப் பார்த்தால் நீலம், வெயில் விழும் பக்கமிருந்து பார்த்தால் செம்மை. அப்படித் தெரிந்தால் அது பைகோசயனின்தான். செல்லுக்குள் இருக்கும்வரை, பிடித்த ஒளியைப் பச்சையத்திடம் தள்ளிவிடும். செல் உடைந்து தண்ணீரில் கரைந்தபின் வாங்கிக்கொள்ள ஆளில்லை. அந்த ஆற்றல்தான் செந்நிறமாகத் தெரிகிறது.

எங்கே உடைகிறது என்று முதலில் பாருங்கள். தொட்டியிலிருந்து ஒரு குவளை எடுத்து, துணியைப் பிழியாமல் தானாக வடிய விடுங்கள். தெளிவாக வந்தால் தவறு உங்கள் பிழிதலில். அப்போதும் நீலமாக வந்தால் தொட்டிக்குள்ளேயே உடைகிறது. பெரும்பாலும் நான் முதலில் சந்தேகப்படுவது கலக்கும் மோட்டாரைத்தான்: வேகமாகச் சுழலும் இறக்கை இழைகளை நறுக்கிவிடும். சில நாள் துடுப்பாலோ துடைப்பத்தாலோ கலக்கிப் பாருங்கள். அறுவடைக்குப் பின் கரைசல் நீர்த்திருக்கும்போது உச்சி வெயில் நேரே விழுந்தாலும், மழைநீர் இறங்கி உப்பு திடீரெனக் குறைந்தாலும் இதே கதைதான். நிழல் வலை கட்டுங்கள். மழை இறங்கியிருந்தால் சோடா உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கார அமில நிலையை (pH) 9.5-க்கும் 10.5-க்கும் இடையில் வையுங்கள். கரைசல் மறுபடி அடர்த்தியாகும்வரை அறுவடை வேண்டாம்.

நீலம் கசியாமல் பாசி மட்டும் மஞ்சளித்தால் விஷயம் வேறு, தழைச்சத்துக் குறைவு. பசித்த பாசி தன் பைகோசயனினையே உடைத்துத் தின்னும். நைட்ரேட் போட்டால் நிறம் திரும்பிவிடும்.

நுரையோடு நாற்றமும் வந்தால் மட்டும் அந்தப் பாசியை உணவுக்கு விற்காதீர்கள். உடைந்த செல்களைத் தின்று வேறு பாக்டீரியாக்கள் பெருகியிருக்கும்.