அன்றே வீடு திரும்பும் மூட்டு மாற்று: அம்மாவுக்கு ஒத்துவருமா?

காலையில் முழங்கால் மூட்டு மாற்று, சாயங்காலமே வீடு என்கிறார்களே, 66 வயது அம்மாவுக்கு ஒத்துவருமா என்று கேட்டிருந்தீர்கள். வயதைவிட மற்ற உடல்நிலைதான் முக்கியம். இதய நோய், கட்டுக்குள் வராத சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத்திணறல் எதுவும் இருந்தால் ஓரிரவாவது தங்குவதே நல்லது. நடந்து காட்டி, சிறுநீரும் பிரிந்த பிறகுதான் பொதுவாக அனுப்புவார்கள்.

எனக்குக் கவலை முதல் இரவைப் பற்றித்தான். மரத்துப்போக வைத்த ஊசியின் வேகம் இறங்கும்போது வலி சட்டென்று ஏறும். "வலியே இல்லையே" என்று என் மாமியார் மாத்திரையைத் தள்ளிப்போட்டு, நள்ளிரவில் அழுதுவிட்டார். சொன்ன நேரத்துக்குக் கொடுத்துவிடுங்கள். இரவில் கூப்பிட்டால் எடுக்கும் எண்ணை இப்போதே கேட்டு வாங்குங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் உடனே கூப்பிடுங்கள், ரத்தக்கட்டியாக இருக்கலாம். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.