பழைய பேக்கோ லோடருக்கு (ஜேசிபி வண்டிக்கு) என்ன விலை சொல்லலாம்?

கேள்வி: எட்டு ஆண்டுகளாக வாடகை ஜேசிபி ஓட்டுகிறேன். சொந்தமாக ஒன்று வாங்கத் தேடியபோது, 2020-இல் பதிவான, ஹவர் மீட்டரில் 4,800 மணி காட்டும் வண்டி ஒன்று 19 லட்சம் ரூபாய்க்கு வந்திருக்கிறது. இதற்குக் கீழே இறங்காது என்கிறார் தரகர். நியாயமான விலையை எப்படிக் கணிப்பது?
– வாசகர், தாராபுரம்

பதில்: தரகர் சொன்ன தொகையை ஒதுக்கிவைத்துவிட்டு ஹவர் மீட்டரிலிருந்து தொடங்குங்கள். வாடகைக்கு ஓடும் வண்டி, மழை நாள்களையும் வேலையில்லாத நாள்களையும் கழித்து ஆண்டுக்கு 250 நாள், நாளுக்கு 6 மணி ஓடியது என்று வைத்தாலும், ஆண்டுக்கு 1,500 மணி ஆகிறது. ஐந்து ஆண்டுகளில் 7,500. அப்படியிருக்க 4,800 என்றால், அது குறைவாக உழைத்த நல்ல வண்டியாக இருக்கலாம். மீட்டர் இடையில் நின்றுபோன அல்லது மாற்றப்பட்ட வண்டியாகவும் இருக்கலாம். இந்த இரண்டுக்கும் ஒரே விலை கொடுக்க முடியாது. ஒவ்வொரு சர்வீஸின்போதும் அன்றைய மணிக்கணக்கு பதிவாகும் என்பதால், சேசிஸ் எண்ணைக் கொடுத்து டீலரிடமுள்ள சர்வீஸ் பதிவைப் பார்க்க வேண்டும் என்று உரிமையாளரிடமே கேளுங்கள். தயங்காமல் உடன் வருபவரோடு மேற்கொண்டு பேசலாம்.

பார்க்கப் போகும் நாளில், நீங்கள் வருவதற்கு முன்பே இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்பதைக் கவனியுங்கள்; குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதில்தான் அதன் உண்மையான நிலை தெரியும். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை தொடர்ந்து பீறிட்டு வருமானால், பிஸ்டன் ரிங்கோ லைனரோ தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. முன் பக்கெட்டில் மண் ஏற்றி உயர்த்தி, இன்ஜினை அணைத்து, அடியில் யாரும் நிற்காதபடி பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ கசிகிறது. பின்பக்கக் கையைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கி, பக்கெட்டை ஒருவர் இடமும் வலமுமாகத் தள்ளும்போது அந்தக் கை வண்டியோடு இணைந்து திரும்பும் கிங் போஸ்டில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்பதை, எட்டு ஆண்டு லீவர் பிடித்த உங்கள் கைக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பூமில் (பின்பக்கக் கையின் மேல் பகுதியில்) வெல்டிங் வைத்த தழும்பு இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

பார்த்த குறைகளை எழுதிக்கொண்டு, மூட்டுகளில் உள்ள பின்கள், புஷ்கள், சீல், டயர் என ஒவ்வொன்றுக்கும் உதிரிபாகக் கடையிலும் மெக்கானிக்கிடமும் செலவைக் கேட்டு வாங்குங்கள். அதே ஆண்டு வண்டிகள் மூன்றையாவது நேரில் பார்த்து, நல்ல நிலையில் உள்ளதற்குக் கேட்கப்படும் விலையிலிருந்து இந்தச் செலவைக் கழித்தால் வருவதே நீங்கள் சொல்ல வேண்டிய விலை. வெறுமனே குறைத்துக் கேட்பவருக்குத் தரகர் மறுப்புச் சொல்லிவிடுவார். கணக்கை எடுத்து வைப்பவருக்கு அவர் கணக்கில்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண் வேலை குறைவதால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பேரத்துக்குச் சற்று இடம் கிடைக்கும்.

சக்கரத்தில் ஓடும் கட்டுமான வண்டிகளுக்கு பி.எஸ். (பாரத் ஸ்டேஜ்) நான்காம் கட்டப் புகை விதி 2021 ஏப்ரலிலும், ஐந்தாம் கட்டம் 2025 ஜனவரியிலும் நடைமுறைக்கு வந்தன. உங்கள் வண்டி இவற்றுக்கு முந்தையது. புதியவற்றைவிட மின்னணுப் பாகங்கள் குறைவு என்பதால் உள்ளூர் மெக்கானிக்கே பழுது பார்த்துவிட முடியும். இது உங்களுக்குச் சாதகமே. ஆனால் ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருந்தால், அதன் தடையின்மைச் சான்றும், ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ம் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பழைய உரிமையாளரின் பாக்கித் தவணைக்காக உங்கள் வண்டி பறிமுதலாகும் துயரம் உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: புதிய வண்டிக்கு 20 லட்சம் ரூபாய் கடன், நான்கு ஆண்டுகள். டீலர் வழியாக 7 சதவீதம் ஃபிளாட் வட்டி. வங்கியில் குறையும் நிலுவைக்கு 11 சதவீதம். டீலர் வழிதானே மலிவு?
– வாசகி, கோவை

பதில்: இல்லை. ஃபிளாட் முறையில், நீங்கள் அசலைத் திருப்பிச் செலுத்திக்கொண்டே வந்தாலும், முழு 20 லட்சத்துக்கும் நான்கு ஆண்டுகளும் வட்டி போடுவார்கள்: 5,60,000 ரூபாய், மாதத் தவணை 53,333. மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி போடும் வங்கியில் தவணை ஏறத்தாழ 51,700. மொத்த வட்டி 4,81,000 அளவில் முடியும். அந்த 7 சதவீதம், குறையும் நிலுவை முறையில் ஏறத்தாழ 12.7 சதவீதத்துக்குச் சமம். கடன் தருபவர் யாராக இருந்தாலும், செயலாக்கக் கட்டணமும் கட்டாய இன்சூரன்ஸும் சேர்த்து 48 மாதத்தில் கையிலிருந்து போகும் மொத்தத் தொகையை எழுத்தில் கேளுங்கள். டீலர் வண்டி விலையில் தரும் தள்ளுபடியையும் அந்தத் தொகையோடு சேர்த்தே ஒப்பிட வேண்டும். வட்டியில் எடுத்துக்கொண்டு விலையில் குறைத்துக் காட்டுவது இந்தத் தொழிலில் வழக்கமாக நடப்பதுதான். ஜி.எஸ்.டி. பதிவு உங்களுக்கு இருந்தால், வண்டி விலைமீதான 18 சதவீத வரியை உள்ளீட்டு வரி வரவாக (நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்வதாக) எடுக்க முடியுமா என்பதைக் கையெழுத்திடும் முன்பே உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.