சுவருக்குள் கசியும் சுடுநீர்க் குழாய்: ஒட்டுப் போடுவதா, பாதை மாற்றுவதா?

பழைய வீட்டின் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சுடுநீர்க் குழாய் ஒரே வருடத்தில் சுவருக்குள் இரண்டு இடங்களில் கசிந்தது என்கிறீர்கள். மறுபடியும் ஒட்டுப் போட வேண்டாம். துரு உள்ளிருந்து தின்றுகொண்டு வருகிறது. ஓரிடத்தை அடைத்தால் அடுத்த பலவீனமான இடம் திறக்கும்.

பழைய குழாயை உடைத்து எடுக்கவும் வேண்டாம். இரு முனையையும் மூடி சுவருக்குள்ளேயே விட்டுவிடுங்கள். புதிய லைனை ஹீட்டரிலிருந்து கூரையை ஒட்டி, கண்ணுக்குத் தெரியும்படி கொண்டுபோங்கள். சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாயான சிபிவிசி போதும். சாதாரண பிவிசி கூடவே கூடாது, சூட்டில் இளகிவிடும்.

பலர் கோட்டை விடுவது சூட்டில் குழாய் விரிவதில்தான். ஆறு மீட்டர் சிபிவிசி, வெப்பநிலை 40 டிகிரி கூடினால் சுமார் 15 மில்லிமீட்டர் நீளும். கிளாம்பை இறுக்கிப் பிடிக்காமல் குழாய் நகர இடம் விடுங்கள். நீண்ட நேர் ஓட்டத்தில் ஒரு வளைவு கொடுங்கள். மேலே இன்சுலேஷன் உறையும் போடுங்கள்.

அப்புறம் ஒன்று, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சில பழைய வீடுகளில் இரும்புக் குழாயையே மின் எர்த்தாகப் பயன்படுத்தியிருப்பார்கள். குழாயை வெட்டும் முன் எலக்ட்ரீஷியனை வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹீட்டரிலிருந்து குளியலறை எவ்வளவு தூரம்? சொன்னால் குழாய் அளவையும் பார்த்துச் சொல்கிறேன்.